கட்டிலும் கணக்கும்

கலியாண வீட்டில் உக்கிராண அறை என்று ஒன்று உண்டு. அரிசி, பருப்பு, நெய், சர்க்கரை எல்லாம் அங்கேதான் இருக்கும். அந்த அறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெரியவர் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். கோட்டை அடுப்பின் முன்னால் வெந்துகொண்டு நிற்கும் சமையற்காரரிடம் சாவி கிடையாது. அவர் கேட்க வேண்டும். பெரியவர் அளந்து கொடுக்க வேண்டும். பந்தியில் பாயசம் போதவில்லை என்றால் பழி யார் தலையில் விழும்? சமையற்காரர் தலையில்தான். நெய் அதிகமாகச் செலவாகிவிட்டது என்றால்? அதுவும் அவர் தலையில்தான்.

ஆஸ்பத்திரியும் ஒரு விதத்தில் கலியாண வீடுதான். விருந்தாளிகள் மட்டும் அழைப்பில்லாமல் வருகிறார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்பதும் யாருக்கும் தெரியாது. அங்கே வார்டுக்கு ஒரு ஸிஸ்டர், எக்ஸ்ரே பகுதிக்கு ஒருவர், மருந்தறைக்கு ஒருவர், ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒருவர் என்று ஒவ்வோர் அடுப்புக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். இவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு தொகையைச் சொல்லி, "இந்த வருஷத்தை இதற்குள் நடத்திக்கொள்ளுங்கள்" என்றால் என்ன ஆகும்? கேட்பதற்குச் சுலபமான கேள்வி. பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகள் இதற்கு விடை தேடுவதில் பல தலைமுறைகளைச் செலவழித்திருக்கின்றன. அந்தக் கதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

சாவி ஒருவரிடமும் அடுப்பு ஒருவரிடமும் இருந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கிரிமியா யுத்தம் காட்டியது. 1854-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் முப்பத்தெட்டுப் பெண்களுடன் துருக்கியில் ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே காயம்பட்ட சிப்பாய்களுக்குச் சட்டை இல்லை. சாப்பிடக் கரண்டி இல்லை. சிப்பாய் தன் மூட்டையில் சட்டையும் கரண்டியும் கொண்டுவர வேண்டும் என்பது விதி. மூட்டைகளைப் போர்க்களத்தில் விட்டுவிட்டு வரும்படி உத்தரவிட்டதும் அதே ராணுவம்தான். ஆனால் விதி விதிதானே? பின்பு சீமையிலிருந்து 27,000 சட்டைகள் வந்து இறங்கின. அப்போதும் சாமான்களுக்குப் பொறுப்பான அதிகாரி மூட்டையைப் பிரிக்க மறுத்தார். சோதனைக் குழு ஒன்று கூடிப் பார்த்த பிறகுதான் பிரிக்கலாம் என்பது சட்டம். சட்டைகள் துறைமுகத்தில் கிடந்தன. மனிதர்கள் வெற்று உடம்போடு குளிரில் நடுங்கினார்கள்.

அந்த அதிகாரியைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அது நியாயம் அல்ல. சமாதான காலத்தில் ஒவ்வொரு பென்னிக்கும் கணக்குக் கேட்டே பழக்கப்பட்ட இலாகா அது. விதிக்கு மாறாக ஒரு சட்டையைக் கொடுத்தால் மேலே இருப்பவர்கள் அவரைக் கேட்பார்கள். கொடுக்காமல் இருந்து ஒருவன் செத்துப்போனால் அதைக் குறித்து யாரும் அவரைக் கேட்கமாட்டார்கள். இப்படிப்பட்ட நாற்காலியில் யாரை உட்கார வைத்தாலும் மெல்ல மெல்ல அவரும் அப்படித்தான் ஆவார்.

நைட்டிங்கேல் அம்மையாரை நாம் கைவிளக்கோடு மட்டுமே நினைத்துப் பழகிவிட்டோம். விளக்கோடு அவர் கையில் பணமும் இருந்தது. 'டைம்ஸ்' பத்திரிகை திரட்டிய நிதியும், நண்பர்கள் கொடுத்ததும், தம் சொந்தப் பணமும் சேர்ந்து அவருக்குத் துணை நின்றன. கான்ஸ்டான்டிநோபிள் கடைத்தெருவிலே சட்டையும் சோப்பும் துடைப்பமும் அவரே வாங்கினார். அதற்காக அவர் கணக்கை அலட்சியம் செய்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு முந்தின வருஷம் லண்டன் ஹார்லி தெருவிலே நோயுற்ற பெண்மணிகளுக்கான விடுதி ஒன்றை நிர்வகித்தபோது, மளிகைச் சாமான் விலையை ஆராய்ந்து, பழப்பாகைக் கடையில் வாங்காமல் விடுதியிலேயே காய்ச்ச ஏற்பாடு செய்த சிக்கனக்காரி அவர். நோயாளியின் தேவையை அறிந்த கையிலேயே பணமும் இருந்தது. அதுதான் ஸ்கூட்டாரியில் அவருக்கும் மற்றவர்களுக்கும் இருந்த வித்தியாசம்.

சுமார் தொண்ணூறு ஆண்டுகளைத் தாண்டி வருவோம். 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை பிறந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சுமார் 2,700 ஆஸ்பத்திரிகள் ஒரே நாளில் சர்க்காரின் உடைமை ஆயின. சுகாதார மந்திரி அனைரின் பெவன் சிறு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். வைத்தியம் காசு கேட்காமல் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். கிடைத்தது. கண்ணாடி இல்லாமலும் பல் இல்லாமலும் காலம் தள்ளியவர்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றார்கள். மதிப்பிட்ட தொகை போதவில்லை.

உடனே மேல் தளத்தில் சண்டை மூண்டது. 1951-ஆம் ஆண்டு நிதி மந்திரி ஹ்யூ கெயிட்ஸ்கெல் பொய்ப் பற்களுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பாதி விலை வசூலிக்க வேண்டும் என்றார். முதல் வருஷத்தில் அதனால் மிச்சமாகக்கூடியது 1 கோடியே 30 லட்சம் பவுன். அதற்காகப் பெவன் மந்திரி பதவியையே விட்டு விலகினார். பிறகு, செலவு கைமீறிப் போகிறதா என்று பார்க்க 1953-ல் கில்போ என்பவர் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தார்கள். 1956-ல் வந்த அதன் அறிக்கை பலரைத் திகைக்க வைத்தது. தேசத்தின் மொத்த வருமானத்தில் சுகாதார சேவையின் பங்கு 1949-50-ல் 3.75 சதவீதமாக இருந்தது, 1953-54-ல் 3.25 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஊதாரி என்று பெயர் வாங்கிய பிள்ளை உண்மையில் சிக்கனமாகவே இருந்திருக்கிறான்!

இவ்வளவு பெரிய சண்டை நடந்தபோது வார்டிலே என்ன நடந்தது? அங்கே பணம் என்ற பேச்சே கிடையாது. வார்டு ஸிஸ்டருக்குத் தம்முடைய வார்டு மாதம் எவ்வளவு செலவழிக்கிறது என்பது தெரியாது. தலைமை வைத்தியர் பேனாவை எடுத்து ஒரு வரி எழுதினால், அந்த ஒரு வரியில் மருந்தும் படமும் பரிசோதனையும் பத்து நாள் படுக்கையும் அடங்கியிருக்கும். அதன் விலையை அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. 'நோயாளிக்கு எது நல்லதோ அதைச் செய்கிறேன், விலை பார்ப்பது என் தர்மம் அல்ல' என்று அவர் நினைத்தார். அதில் ஓர் உயர்வு இருந்தது. ஒரு சௌகரியமும் இருந்தது.

விலை பார்க்கிறவர் வேறொரு கட்டடத்தில் இருந்தார். அவர் கணக்கதிகாரி. சம்பளம் இவ்வளவு, மருந்து இவ்வளவு, கரி இவ்வளவு, துணி இவ்வளவு என்று அவருடைய பேரேட்டிலே பத்திகள் உண்டு. எந்த வார்டில், யாருக்காகச் செலவாயிற்று என்பதற்கு நீண்ட காலம் பத்தி இல்லை. ஆகவே செலவு மிஞ்சினால் அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: எல்லோருக்கும் ஒரே மாதிரியாக வெட்டுவது. சிக்கனமாக நடத்திய வார்டுக்கும் வெட்டு, தாராளமாக நடத்திய வார்டுக்கும் வெட்டு. முதலாமவர் அடுத்த வருஷம் சிக்கனமாக இருக்கமாட்டார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கிடையில் வார்டின் எஜமானி ஸ்தானமும் ஆட்டம் கண்டது. பழைய மேட்ரன் அம்மாளிடம் துணி அலமாரியின் சாவியிலிருந்து சமையலறை வரை எல்லாம் அடக்கம் என்ற காலம் ஒன்று இருந்தது. 1966-ல் வந்த சால்மன் அறிக்கை மேட்ரன் பதவியை எடுத்துவிட்டு, நர்ஸ்களைப் படிப்படியான நிர்வாக அதிகாரிகள் ஆக்கியது. கமிட்டியின் தலைவர் பிரையன் சால்மன் லயன்ஸ் தேநீர்க் கடைக் கம்பெனியின் இயக்குநர். ஆஸ்பத்திரிக்கு நிர்வாகம் கற்பிக்கக் கடைக்காரரை அழைக்கும் வழக்கத்துக்கு அது ஓர் ஆரம்பம். நல்ல நர்ஸ் ஒருத்தி உத்தியோக உயர்வு பெற வேண்டுமானால் நோயாளியின் கட்டிலை விட்டு மேஜைக்குப் போக வேண்டும் என்ற நிலையும் அப்போது உறுதிப்பட்டது.

1976-ல் சர்க்கார் ரொக்க வரம்பு என்ற ஒன்றை விதித்தது. விலைவாசி ஏறினாலும் சரி, நோயாளிகள் பெருகினாலும் சரி, கொடுத்த தொகைதான். அதற்குமேல் ஒரு காசு கிடையாது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. வியாபாரத்தில் சுறுசுறுப்பாக வேலை செய்தால் வருமானம் பெருகும். இங்கே சுறுசுறுப்பாக வேலை செய்கிற அறுவைப் பகுதி அதிகம் பேருக்குச் சிகிச்சை செய்யும். அதனால் அதிக மருந்தும் அதிகத் துணியும் செலவாகும். வருஷம் முடிவதற்குள் பணம் தீர்ந்துவிடும். நிதி வருஷத்தின் கடைசி மாதங்களில் வார்டைப் பூட்டிவிட்டு டாக்டர்கள் சும்மா இருக்க வேண்டியதுதான். மெதுவாக வேலை செய்த பகுதி நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கும்.

1983-ஆம் ஆண்டு பிரதமர் தாட்சர் அம்மையாரின் சர்க்கார் மறுபடியும் ஒரு கடைக்காரரை அழைத்தது. இவர் சேன்ஸ்பரி மளிகைக் கடைகளின் நிர்வாக இயக்குநர் ராய் கிரிபித்ஸ். சுற்றி வளைக்காமல் ஒரு கடிதமாகவே தம் அறிக்கையை எழுதிக் கொடுத்தார். நைட்டிங்கேல் அம்மையார் இன்று விளக்கை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களில் வந்தால், இங்கே பொறுப்பாளர் யார் என்றுதான் தேடிக்கொண்டிருப்பார் என்ற பொருளில் அவர் சொன்னது பிரசித்தி பெற்றுவிட்டது. ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு பொது நிர்வாகி வேண்டும். செலவை உண்டாக்குகிற டாக்டரே செலவுக் கணக்கிலும் பங்கேற்க வேண்டும் என்றார் அவர்.

முதல் முயற்சிகளில் டாக்டர்கள் ஒட்டவில்லை. கணக்கப்பிள்ளைகள் தங்களுக்கு விரிக்கும் வலை என்றே அவர்கள் நினைத்தார்கள். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வந்த காகிதங்களில் பாதி, முடிந்துபோன மாதத்தின் பிழையான எண்கள். பணத்தைக் குறைக்கச் சொன்னார்களே தவிர, ஆளை மாற்றவோ மிச்சத்தை வைத்துக்கொள்ளவோ அனுமதிக்கவில்லை. அதாவது பேரேட்டைக் கொடுத்தார்கள், சாவியைக் கொடுக்கவில்லை.

சாவியையும் சேர்த்துக் கொடுத்த இடம் லண்டன் கய்ஸ் ஆஸ்பத்திரி. தென்கடல் கம்பெனிப் பங்குகளில் பெரும் பணம் சேர்த்த புத்தக வியாபாரி தாமஸ் கய் என்பவர் ஸ்தாபித்து, 1725-ல் திறக்கப்பட்ட ஆஸ்பத்திரி அது. 1976-க்குப் பிறகு, லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தில் ஒரு பகுதியை ஏழைப் பிரதேசங்களுக்குத் திருப்பினார்கள். நியாயமான காரியந்தான், ஆனால் கய்ஸில் வருஷா வருஷம் மூச்சுத் திணறியது. அங்கிருந்த டாக்டர்கள் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் நடந்துவந்த முறையைப் பார்த்தார்கள். 1985-ல் அதைத் தங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு டாக்டர் தலைவர். அவருக்குத் துணையாக ஒரு நர்ஸ், ஒரு நிர்வாகி. மூவரிடமும் அந்தப் பகுதியின் பணம். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் சிரில் சாண்ட்லர் என்ற குழந்தை வைத்தியர். சிறுநீரக நோயில் நிபுணர்.

பணப் பொறுப்பை அவர்கள் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் எளிமையானது. யாரோ ஒருவர் வந்து வெட்டத்தான் போகிறார். எதை வெட்டினால் நோயாளிக்கு ஊறு குறைவு என்று அறிந்தவரே கத்தியைப் பிடிப்பது மேல் அல்லவா? இதைவிட நேர்மையான வாதம் இருக்க முடியாது. ஆனால் இதைவிட மனத்தை வருத்துகிற உத்தியோகமும் இருக்க முடியாது. அதுவரை "இல்லை" என்று சொல்கிறவர் வேறு கட்டடத்தில் இருந்தார். வைத்தியரும் நர்ஸும் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாக நோயாளியிடம் திரும்பிப் போகலாம். இப்போது "இல்லை" என்ற சொல் அவர்கள் வாயிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. நேற்றுவரை தோழராக இருந்தவர், "உனக்கு அந்தக் கருவி இந்த வருஷம் கிடையாது" என்று தோழரிடமே சொல்ல வேண்டியதாயிற்று.

ஒரு வார்டுப் பொறுப்பாளரின் மேஜைக்கு மாதக் கணக்கு வருகிற நாளை எண்ணிப் பாருங்கள். ஒதுக்கிய தொகை ஒரு பத்தியில், செலவான தொகை ஒரு பத்தியில், வித்தியாசம் மூன்றாவது பத்தியில். கேள்வி எல்லாம் அந்த மூன்றாவது பத்தியைப் பற்றித்தான். ஆனால் எத்தனை நோயாளிகள் வருவார்கள் என்பது அவர் கையில் இல்லை. மருந்தை எழுதுவது டாக்டரின் பேனா. சம்பள விகிதத்தை நிர்ணயிப்பது சர்க்கார். கட்டடத்துக்கும் வெளிச்சத்துக்கும் அவர் பங்கு இவ்வளவு என்று பிரித்துப் போடுவது கணக்கு இலாகா. மிச்சம் என்ன இருக்கிறது? ஒரு நர்ஸ் வேலையை விட்டுப் போனால் அந்த இடத்தைச் சில மாதம் நிரப்பாமல் வைக்கலாம். அது ஒன்றுதான் அவர் கைக்கு எட்டுகிற நெம்புகோல். அதையே அவர் இழுக்கிறார். இழுத்தால் மூன்றாவது பத்தி அழகாக மாறுகிறது. மேலிடத்திலிருந்து பாராட்டும் வருகிறது. ஆள் குறைந்ததால் இரவில் ஒரு கிழவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனாரே, அதற்கு நான்காவது பத்தி கிடையாது.

வருஷ முடிவும் ஒரு சோதனைதான். மிச்சப்படுத்திய பணம் பெரும்பாலும் அடுத்த வருஷத்துக்குத் தங்காது, திரும்பிப் போய்விடும். "சென்ற வருஷம் இவ்வளவில் முடித்தீர்களே, இந்த வருஷமும் அது போதுமே" என்ற பதிலும் வரும். ஆகவே பிப்ரவரிவரை பஞ்சு வாங்க யோசித்தவர் மார்ச்சில் நாற்காலி வாங்குவார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். அளந்து போட்டவனுக்கு அடுத்த முறை படியையே சிறிதாக்கிக் கொடுத்தால் அவன் எதற்காக அளக்க வேண்டும்?

1987-ஆம் ஆண்டுக் குளிர் காலத்தில் பணம் இல்லாமல் வார்டுகளை மூடும் நிலை முற்றியது. மூன்று ராஜாங்க வைத்தியக் கல்லூரிகளின் தலைவர்கள் சேர்ந்து பகிரங்கமாக எச்சரித்தார்கள். சர்க்கார் கண்டுபிடித்த மருந்து சந்தை. 1991 ஏப்ரல் முதல் ஆஸ்பத்திரிகள் தனித் தனி டிரஸ்டுகளாகி, சிகிச்சையை விற்கலாயின. சுகாதார அதிகார சபைகள் வாங்கலாயின. முதல் வரிசையிலேயே டிரஸ்ட் ஆனவற்றுள் கய்ஸும் ஒன்று. ஆன சில வாரங்களுக்குள் பற்றாக்குறையைச் சரிக்கட்டச் சுமார் 600 வேலைகளைக் குறைக்கப் போவதாக அறிவித்துத் தேசத்தையே அதிர வைத்தது. தாங்களே கத்தியைப் பிடிக்கலாம் என்று முன்வந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு வேறொருவர் வெட்டியது போல் ஆயிற்று.

இந்தக் கதையின் மிக இருண்ட அத்தியாயம் ஸ்டாபோர்ட் ஆஸ்பத்திரியில் எழுதப்பட்டது. அதை நடத்திய மிட் ஸ்டாபர்ட்ஷயர் டிரஸ்ட் 2006-07-ஆம் ஆண்டில் 1 கோடி பவுன் மிச்சம் பிடிக்கத் திட்டமிட்டது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைத்தது. நிதி நிலைமை சீராகிவிட்டது என்பதால் 2008 பிப்ரவரியில் சுயேச்சையான உயர்ந்த அந்தஸ்தும் அதற்குக் கிடைத்தது. அதே காலத்தில் வார்டுகளில் நோயாளிகள் அழுக்குப் படுக்கையிலேயே கிடந்தார்கள். சாப்பாடும் தண்ணீரும் கைக்கு எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டன. ஆள் போதவில்லை என்று தாதிகள் எழுதிக் கொடுத்த புகார்கள் மேலே போய் மறைந்தன. 2009-ல் விஷயம் வெளியாயிற்று. ராபர்ட் பிரான்சிஸ் என்ற வழக்கறிஞர் நடத்திய விசாரணையின் இறுதி அறிக்கை 2013 பிப்ரவரியில் 290 சிபாரிசுகளோடு வந்தது.

அந்தச் சிபாரிசுகளில் ஒன்று, பத்திரிகைகள் அதிகம் பேசாதது, எனக்கு முக்கியமாகப் படுகிறது. வார்டுப் பொறுப்பாளர் அலுவலக அறையில் அடைபட்டுக் கிடக்கக் கூடாது. வார்டில் நடமாட வேண்டும். ஒவ்வொரு நோயாளியின் நிலையும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது அது. பார்த்தால் பாமரனுக்கும் தெரிந்த விஷயம். அதை 2013-ல் ஒரு பெரிய விசாரணை நடத்திச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், பேரேடு எவ்வளவு தூரம் அவரைக் கட்டிலை விட்டு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது!

இதனால் ஆஸ்பத்திரியில் கணக்கே வேண்டாம் என்று சொல்லலாமா? அது பேதைமை. பணம் எங்கும் அளவோடுதான் இருக்கிறது. ஒரு வார்டில் வீணாகிற ஒவ்வொரு பவுனும் வேறொரு வார்டில் யாருக்கோ கிடைக்காத மருந்து. கணக்குப் பார்க்க மறுத்த பழைய வைத்தியரின் உயர்வைப் போற்றுகிறோம். ஆனால் அவருக்காக வேறொருவர் கண்ணை மூடிக்கொண்டு வெட்ட வேண்டியிருந்ததை மறந்துவிடக் கூடாது. கணக்கு கட்டிலுக்கு அருகில் வந்தது நல்லதற்குத்தான். எப்படி வந்தது என்பதில்தான் கோளாறு.

ஆஸ்பத்திரியின் ஒரு பகுதியை ஒருவரிடம் ஒப்படைத்துப் பணப் பொறுப்பையும் கொடுப்பதானால், கூடவே சிலவற்றைக் கொடுத்தாக வேண்டும். செலவைத் தீர்மானிக்கிற அதிகாரத்தில் ஒரு பங்கு. மிச்சத்தைத் தம் நோயாளிகளுக்கே செலவழிக்கிற உரிமை. "இதற்குக் கீழே போனால் ஆபத்து" என்று அவர் சொல்லும்போது அதை முணுமுணுப்பாகக் கருதாமல் செய்தியாகக் கேட்கிற ஒரு மேலிடம். இவற்றைக் கொடுக்காமல் தொகையை மட்டும் கொடுத்தால், நாம் கொடுத்தது பொறுப்பு அல்ல, பழி. ஸ்கூட்டாரியில் சட்டை மூட்டைக்குக் காவல் நின்றவருக்கும் கொடுக்கப்பட்டது அதுதான். அவருக்கு விதியைக் காட்டினார்கள்; நடுங்குகிற மனிதனைக் காட்டவில்லை. கணக்குப் பார்க்கிறவருக்கு அந்த மனிதனின் முகம் தெரியும்படி நாற்காலியைப் போடுவது எந்த நிதி மந்திரிக்கும் அதிகச் செலவு வைக்கிற காரியம் அல்ல.